நின்று பதில் சொல்லும் பெரியம்மாவும் மூளைக்கு வைக்கும் கரண்டும்

மதுரைப் பக்கம் வயதானவர்களைப் பற்றிப் பேசும்போது ‘நிதானம்’ என்ற சொல் இரண்டு இடங்களில் வரும். ‘கால்ல நிதானம் இல்ல’ என்பார்கள். ‘பேச்சுல நிதானம் இல்ல’ என்றும் சொல்வார்கள். ‘தடுமாற்றம்’ என்ற சொல்லும் நடைக்கு ஒன்றும் நினைவுக்கு ஒன்றுமாக இரண்டு வேலை பார்க்கிறது. பேச்சுவழக்கு ஒன்றாக வைத்திருந்த இந்த இரண்டையும் மருத்துவம் வெகுகாலம் வெவ்வேறு அறைகளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது: விழுந்தால் எலும்பு மருத்துவர், மறந்தால் நரம்பியல் மருத்துவர். இரண்டும் மூளையின் ஒரே பகுதியின் உழைப்பை நம்பியிருக்கின்றன என்பது கடந்த முப்பது ஆண்டுகளில்தான் ஆய்வுகளில் அழுத்தமாக வெளிப்பட்டது. அப்படியானால் அந்தப் பகுதியையே தூண்டிவிட்டால் நடையும் நினைவும் சேர்ந்து தேறுமா என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. தலையைத் திறக்காமல், தோலுக்கு மேலிருந்தே மின்சாரத்தையோ காந்தப்புலத்தையோ செலுத்தும் மூளைத் தூண்டல் முறைகள் முதியோர் மருத்துவத்துக்குள் நுழைந்தது இந்த வாசல் வழியாகத்தான்.

எனக்கு இந்த விஷயத்தில் அக்கறை வந்ததற்கு என் பெரியம்மா காரணம். எழுபத்திரண்டு வயது, பதினெட்டு வருடச் சர்க்கரை, சிம்மக்கல் பக்கம் வீடு. பல வருடங்கள் பூக்கட்டி விற்றவர். மல்லிகையையும் மரிக்கொழுந்தையும் நாரில் ஏற்றும்போது அவர் கையைப் பார்க்கவே மாட்டார். வாய் தெருக்கதை பேசிக்கொண்டிருக்க, விரல்கள் தம் பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே போகும். ஆனால் சித்திரை வீதியில் அவரோடு நடந்துபோகும்போது ஏதாவது கேட்டால், “இருடா, நின்னு சொல்றேன்” என்று நின்றுவிடுவார். பதிலை முழுதாகச் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த அடி. பேச்சில் அவ்வளவு ஆர்வம் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். சென்ற ஆண்டு உறவினர் வீட்டு விசேஷத்தில், யாரோ கூப்பிட்ட குரலுக்குப் பதில் சொல்லிக்கொண்டே நிலைப்படியைத் தாண்டும்போது விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்ட பிறகுதான், அந்த நிற்றலுக்கு வேறு பொருள் இருக்கக்கூடும் என்று உறைத்தது.

அந்தப் பொருளை 1997-லேயே ஸ்வீடனைச் சேர்ந்த லில்லெமூர் லுண்டின்-ஓல்சனும் உடன் பணியாற்றியவர்களும் ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். முதியோர் இல்லவாசிகள் 58 பேரை நடக்கவைத்து, நடக்கும்போதே பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்கள். 12 பேர் பேசுவதற்காக நின்றார்கள். அடுத்த ஆறு மாதங்களில் அந்தப் பன்னிரண்டு பேரில் பத்துப் பேர் விழுந்தார்கள். கருவி எதுவும் இல்லாமல், காசு செலவில்லாமல் செய்த இந்தச் சோதனைக்குப் பிறகு, நடந்துகொண்டே வேறொரு வேலை செய்வதைக் குறிக்கும் ‘இரட்டைப் பணி’ என்ற சொல் முதியோர் மருத்துவத்தில் நிலைபெற்றது.

ஏன் நிற்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள, நிற்பதே எவ்வளவு பெரிய வேலை என்று பார்க்க வேண்டும். உடல் சாயாமல் இருக்க மூளைக்கு மூன்று இடங்களிலிருந்து தகவல் வருகிறது: கண், உட்காதில் உள்ள சமநிலை உறுப்பு, பாதத்திலும் மூட்டிலும் தசையிலும் உள்ள தொடு உணர்வு நரம்புகள். இளம் வயதில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டு ஈடுகட்டும். மூளையின் மேல்தட்டுக்குத் தெரியாமலே சிறுமூளையும் தண்டுவடமும் கணக்கைப் பார்த்துவிடும். வயது ஏற ஏற, கண்ணில் புரை விழுகிறது. சர்க்கரை பாத நரம்புகளை மரத்துப்போகச் செய்கிறது. உட்காதின் உணர்செல்கள் குறைகின்றன. மூன்று தகவலும் மங்கும்போது, இதுவரை தானாக நடந்துகொண்டிருந்த நடையை, நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்புறணி கவனித்து நடத்த வேண்டியதாகிறது. திட்டமிடுவது, கவனத்தைப் பிரித்துக் கொடுப்பது, சொல்லவந்ததை நினைவில் ஏந்தி வைத்திருப்பது எல்லாம் அந்தப் பகுதிக்கு ஏற்கெனவே இருக்கும் பொறுப்புகள். மாடித்தொட்டியில் தண்ணீர் குறைந்திருக்கும் வீட்டில், அடுப்படிக் குழாயைத் திறந்தால் குளியலறைக் குழாய் ஒல்லியாக ஒழுகுமே, அதே கதைதான். பேச்சுக் குழாயைத் திறந்தால் நடைக் குழாயில் வரத்துக் குறைகிறது. பெரியம்மாவின் மூளை செய்த காரியம் உண்மையில் புத்திசாலித்தனமானது; இரண்டையும் ஒருசேரத் திறக்காமல் ஒன்றை மூடிவிட்டு மற்றதைத் திறந்தது. விசேஷ வீட்டில் மூட மறந்தது, விழுந்தார். பூக்கட்டும் விரல்களுக்கு இந்தச் சிக்கல் வரவில்லை, ஏனென்றால் அந்த வேலை இன்னும் முன்புறணியின் தயவை எதிர்பார்க்கும் நிலைக்கு வரவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுக்கு ஏறக்குறைய 6,84,000 பேர் விழுந்து இறக்கிறார்கள். அவர்களில் மிகுதியானவர்கள் அறுபது வயதைத் தாண்டியவர்கள். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவருக்கு மேல் அறுபதைக் கடந்திருந்தார். இந்தியச் சராசரியைவிட இது கூடுதல். அறுபது வயதுக்கு மேற்பட்ட இந்தியர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு மறதி நோய் இருக்கும் என்று 2023-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. ஆகவே, மூளைத் தூண்டலை விற்க முன்வருவோருக்கு வாடிக்கையாளர் பஞ்சம் இருக்காது. பெரியம்மாவின் கட்டுப் பிரித்த சில வாரங்களில், எங்கள் கைக்கும் ஒரு மையத்தின் துண்டறிக்கை வந்து சேர்ந்தது. பத்து அமர்வுகளில் ஞாபக சக்தியும் நடைத் தெம்பும் திரும்பும் என்று அதில் இருந்தது. எந்த இயந்திரம், எவ்வளவு மின்னோட்டம், மூளையின் எந்த இடம் என்று ஒரு வரிகூட இல்லை.

‘தலைக்குக் கரண்ட்’ என்றதும் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது மனநல மருத்துவமனைகளின் ‘ஷாக்’ சிகிச்சை. அந்த அச்சத்தை முதலில் விலக்கிவிடுவது நல்லது. மயக்க மருந்து கொடுத்து, வலிப்பை வேண்டுமென்றே வரவழைக்கும் அந்தச் சிகிச்சையில் செலுத்தப்படும் மின்னோட்டம் 800 மில்லி ஆம்பியர் அளவில் இருக்கும். இங்கே பேசப்படும் நேர்மின்னோட்டத் தூண்டலில், அதாவது டி.டி.சி.எஸ். முறையில், செல்வது ஒன்று அல்லது இரண்டு மில்லி ஆம்பியர் மட்டுமே. இரண்டு என்றாலும் நானூறில் ஒரு பங்கு. வலிப்பு வருவதில்லை, மயக்கம் தேவையில்லை, விழித்துக்கொண்டே உட்கார்ந்திருக்கலாம்.

இன்னொரு முறை காந்தத் தூண்டல். ஓடும் மின்னோட்டம் மாறினால் காந்தப்புலம் மாறும், மாறும் காந்தப்புலம் பக்கத்தில் உள்ள கடத்தியில் மின்னோட்டத்தை உண்டாக்கும் என்று ஃபாரடே 1831-இல் காட்டியதைப் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் ஆந்தனி பார்க்கரும் அவருடைய குழுவினரும் 1985-இல் அந்தக் கடத்தியின் இடத்தில் மனித மூளையை வைத்தார்கள். தலையருகே பிடித்த கம்பிச்சுருளில் நொடியின் மிகச் சிறு பகுதி மட்டும் பெரும் மின்னோட்டம் பாயும்போது உருவாகும் காந்தத் துடிப்பு, மண்டையோட்டைத் தடையின்றிக் கடந்து நரம்பணுக்களை உண்மையாகவே சுடவைக்கிறது, அதாவது அவற்றை மின்துடிப்பை வெளியிட வைக்கிறது. உடலியக்கப் பகுதியின் மேல் பிடித்தால் எதிர்ப்பக்க விரல் தானாகத் துள்ளும். மருந்துக்கு அடங்காத மனச்சோர்வுக்கு இதைத் தொடர் துடிப்புகளாகப் பயன்படுத்த அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2008-இல் அனுமதி கொடுத்தது. இயந்திரம் பெரிது, விலை அதிகம், இயக்கப் பயிற்சி பெற்றவர் வேண்டும். முதியோர் நடைக்கான ஆய்வுகளில் நேர்மின்னோட்டமே அதிகம் புழங்குவதற்கு, அதை மாட்டிக்கொண்டே நடக்கலாம் என்பது முக்கியக் காரணம். காந்தச் சுருளுக்கு அடியில் தலையை அசைக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

நேர்மின்னோட்டம் வைப்பதை அருகிலிருந்து பார்த்தால், அதில் மருத்துவத்தைவிடத் தையற்கடை வேலையே கூடுதலாகத் தெரியும். மூக்குத்தண்டு தொடங்கும் பள்ளத்திலிருந்து பின்மண்டையின் மேடு வரைக்கும், ஒரு காதின் முன்புறத்திலிருந்து மறு காதின் முன்புறம் வரைக்கும் நாடாவால் அளந்து, விழுக்காட்டுக் கணக்குப் போட்டு, இடது முன்புறணிக்கு நேர்மேலான இடத்தைத் தலையில் குறிக்கிறார்கள். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய இரண்டு பஞ்சுறைகளை உப்புநீரில் நனைத்து, உள்ளே ரப்பர் மின்வாய்களைச் செருகி, ஒன்றைக் குறித்த இடத்திலும் மற்றதைப் பெரும்பாலும் வலது புருவத்துக்கு மேலும் வைத்துப் பட்டையால் கட்டுகிறார்கள். நம் ஊர்த் தலைகளுக்கு இங்கே ஒரு தனிச் சங்கடம் உண்டு. தேங்காய் எண்ணெய் மின்சாரத்தைக் கடத்தாது. எண்ணெய் வைத்து வாரிய தலையில் மின்தடை ஏறி, இயந்திரம் தொடர்பு சரியில்லை என்று காட்டிக்கொண்டே இருக்கும். முதல் நாளே தலைக்குக் குளித்துவிட்டு, எண்ணெய் வைக்காமல் வர வேண்டும், நெற்றியின் திருநீறும் குங்குமமும் துடைக்கப்பட வேண்டும். பஞ்சு காய்ந்தால் தோல் எரியும், அதிகம் நனைந்தால் நீர் வழிந்து மின்னோட்டம் வேறு இடத்தில் பரவும். மின்னோட்டம் அரை நிமிடத்தில் மெல்ல ஏறும்போது எறும்பு ஊர்வதுபோல அரிக்கும். பிறகு பலருக்கு ஒன்றும் தெரியாது. இருபது நிமிடம். அவ்வளவுதான் முழுச் சடங்கும்.

இந்தச் சிறு மின்னோட்டம் உள்ளே என்ன செய்கிறது? காந்தத் துடிப்பைப் போல இது நரம்பணுவைச் சுடவைப்பதில்லை; அதற்குப் போதிய வலு கிடையாது. வைகை அணையை எடுத்துக்கொள்ளுங்கள். முழுக் கொள்ளளவு 71 அடி; 66 அடியில் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை கொடுப்பார்கள். நீர்மட்டம் 60 அடியில் இருக்கும்போது வருசநாட்டு மலையில் பெய்யும் மழை கரையோரத்துக்குச் செய்தியே அல்ல. அதே மழை 65 அடியில் இருக்கும்போது பெய்தால் சங்கு ஊதிவிடும். நரம்பணு ஓய்வில் ஏறக்குறைய கழித்தல் 70 மில்லி வோல்ட்டில் நிற்கிறது. கழித்தல் 55-ஐ எட்டினால் சுடும். நேர்மின்வாயின் அடியில் உள்ள அணுக்களின் மட்டத்தை இந்த மின்னோட்டம் ஒரு மில்லி வோல்ட்டுக்கும் குறைவாகத்தான் உயர்த்துகிறது. அந்த நேரத்தில் வேறெங்கிருந்தோ மழை வந்தால், அதாவது அந்த அணுக்கள் ஏதாவது வேலையில் ஈடுபட்டிருந்தால், வழக்கத்தைவிடச் சற்று எளிதாகச் சுடும். ஒன்றாகச் சுடும் அணுக்களுக்கிடையே இணைப்பு வலுப்படும் என்பது கற்றலின் அடிப்படை. ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் மைக்கேல் நிட்சேயும் வால்டர் பவுலஸும் 2000-ஆம் ஆண்டில், ஒரு மில்லி ஆம்பியரைச் சில நிமிடங்கள் செலுத்தி, உடலியக்கப் புறணியின் தூண்டப்படும் தன்மை 40 விழுக்காடு வரை மாறுவதையும் மின்னோட்டத்தை நிறுத்திய பிறகும் அந்த மாற்றம் சிறிது நேரம் நீடிப்பதையும் காட்டினார்கள். இன்றைய ஆய்வுப் பெருக்கம் அங்கிருந்துதான் தொடங்கியது.

துண்டறிக்கைகள் மறைப்பது இந்த மழை விவகாரத்தைத்தான். மின்னோட்டம் தானாக எதையும் கற்றுக்கொடுப்பதில்லை. அது நடக்கும்போது மூளை எதைப் பழகுகிறதோ, அதுதான் பதியக் கொஞ்சம் வாய்ப்பு. நாற்காலியில் சாய்ந்து தொலைக்காட்சி பார்த்துக்கொண்டே மாட்டிக்கொண்டால், பதிவதற்கு என்ன இருக்கிறது?

சமநிலை பற்றிய ஆய்வுகளில் பாஸ்டனைச் சேர்ந்த பிராட் மேனரின் குழு பல ஆண்டுகளாக உழைத்துவருகிறது. நின்றுகொண்டோ நடந்துகொண்டோ ஓர் எண்ணிலிருந்து தொடர்ந்து கழித்துச் சொல்லும்போது உடல் எவ்வளவு கூடுதலாக ஆடுகிறது என்பதை அவர்கள் அளக்கிறார்கள். இதை இரட்டைப் பணியின் விலை எனலாம். இடது முன்புறணியில் இருபது நிமிடம் மின்னோட்டம் வைத்த பிறகு அந்த விலை குறைந்தது என்று முதலில் இளைஞர்களிடமும் பிறகு முதியவர்களிடமும் கண்டார்கள். 2018-இல் வெளியான ஆய்வில், நடையும் வேகம் குறைந்து, திட்டமிடும் திறனும் மங்கிய 18 முதியவர்களுக்கு இரண்டு வாரங்களில் பத்து அமர்வுகள் கொடுக்கப்பட்டன. பாதிப்பேருக்கு உண்மையானது, மீதிப்பேருக்கு மின்னோட்டம் வைப்பதுபோல் காட்டும் பாவனை மட்டும். உண்மையானது கிடைத்தவர்களின் அறிதிறன் மதிப்பெண்ணும் (நினைவு, கவனம், சிந்தனை ஆகியவற்றைச் சோதித்துத் தருவது), கணக்குப் போட்டுக்கொண்டே நிற்கும்போது உள்ள உறுதியும் கூடின. நம்பிக்கை தரும் முடிவுதான். ஆனால் பதினெட்டுப் பேர் என்பது ஒரு ஷேர் ஆட்டோவில் இரண்டு நடைக்கு ஏறிப்போகக்கூடிய கூட்டம்.

நினைவைப் பொறுத்தவரை பேசப்பட்ட ஆய்வுகள் வேறு வகை மின்னோட்டத்தைப் பயன்படுத்தின. மூளையின் பகுதிகள் ஒன்றோடொன்று தாளம் சேர்ந்து துடிப்பதால்தான் ஒரு செய்தியைச் சில நொடிகள் மனத்தில் ஏந்தி வைக்க முடிகிறது. வயதானால் நெற்றிப் பகுதிக்கும் பொட்டுப் பகுதிக்கும் இடையே அந்தத் தாளம் பிசகுகிறது என்பது பாஸ்டன் பல்கலைக்கழகத்தின் ராபர்ட் ரைன்ஹார்ட்டின் வாதம். நாதசுரமும் தவிலும் வெவ்வேறு காலத்தில் போனால் கச்சேரி என்னாகும்? அவரும் ஜான் குயென்னும் 2019-இல், அறுபது முதல் எழுபத்தாறு வயதுக்குட்பட்ட 42 பேருக்கு, அவரவர் மூளைத் தாளத்துக்கு ஏற்ற அலைவெண்ணில் மாறுதிசை மின்னோட்டத்தை 25 நிமிடம் செலுத்தினார்கள். செய்தியை அப்படி ஏந்தி வைக்கும் அவர்களுடைய செயல்நினைவு இருபது வயதினரின் நிலைக்கு வந்தது. தூண்டல் நின்ற பிறகும் சோதனை முடியும் வரை, சுமார் 50 நிமிடங்கள், அது நீடித்தது. 2022-இல் அதே ஆய்வகம், 65 முதல் 88 வயது வரையிலான 150 பேரிடம், நாளைக்கு 20 நிமிடமாக நான்கு நாள் செய்தபோது, சொற்பட்டியலை நினைவுகூரும் திறன் ஒரு மாதம் வரை மேம்பட்டிருந்தது என்று அறிவித்தது.

நீண்டகால ஆய்வு என்றால் கனடாவின் டொரான்டோவில் தாரிக் ராஜியின் குழு நடத்தி, 2024-இல் வெளியிட்டதைச் சொல்ல வேண்டும். லேசான அறிதிறன் குறைபாடோ, குணமடைந்த மனச்சோர்வோ, இரண்டுமோ உள்ள 375 முதியவர்களுக்கு, வாரம் ஐந்து நாளாக எட்டு வாரம் மின்னோட்டமும் அதோடு சேர்த்துக் கணினிவழி அறிதிறன் பயிற்சியும் கொடுத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, பல ஆண்டுகள் தொடர்ந்தார்கள். பாவனைச் சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களின் அறிதிறன் இறக்கம் மெதுவாக இருந்தது; மனச்சோர்வு வந்து தேறியவர்களிடம் பயன் கூடுதலாகத் தெரிந்தது. இதிலும் ஒரு முடிச்சு உண்டு. ஒரு பக்கத்தாருக்கு மின்னோட்டமும் பயிற்சியும் இரண்டும் உண்மை, மறுபக்கத்தாருக்கு இரண்டும் பாவனை. ஆகவே பயன் மின்னோட்டத்தால் வந்ததா, பயிற்சியால் வந்ததா, சேர்ந்ததால் வந்ததா என்று அந்த ஆய்வைக் கொண்டு பிரித்துச் சொல்ல இயலாது.

நெற்றியைத் தவிர வேறு இடங்களிலும் மின்வாய் வைத்துப் பார்க்கிறார்கள். பின்மண்டையின் கீழ்ப்பகுதியில், சிறுமூளைக்கு மேலாக வைத்து, சமநிலைப் பயிற்சியோடு சேர்ப்பது ஒன்று. காதுக்குப் பின்னாலுள்ள எலும்பு மேட்டில் வைத்து, உணர முடியாத அளவுக்குச் சிறிய, ஒழுங்கற்ற மின் இரைச்சலை உட்காதின் நரம்புக்கு அனுப்புவது மற்றொன்று. மங்கிய சமிக்ஞையோடு கொஞ்சம் இரைச்சலைக் கலந்தால் சமிக்ஞை மேலெழும் என்ற வினோதமான இயற்பியல் அதற்கு அடிப்படை.

சந்தேகங்களுக்கு வருவோம், இங்கே சற்று நிற்க வேண்டியிருக்கிறது. தலையில் வைக்கும் மின்னோட்டமெல்லாம் மூளைக்குப் போகிறதா? சடலங்களில் அளந்த ஒரு குழு, ஏறக்குறைய முக்கால் பங்கு தலைத்தோலிலும் மண்டையோட்டிலுமே வழிதவறிப்போகிறது என்று 2018-இல் எழுதியது. முதியவர்களிடம் இது இன்னும் சிக்கல். வயதானால் மூளை சிறிது சுருங்கும். சுருங்கிய இடத்தை மூளைத் தண்டுவட நீர் நிரப்பும். அந்த நீர் மூளைத் திசுவைவிட நன்றாக மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், மின்னோட்டம் மூளைக்குள் இறங்காமல் நீர்வழியே ஓடிவிடக்கூடும். ஒரே அளவு இரண்டு மில்லி ஆம்பியர் முப்பது வயதுக்காரருக்கும் எழுபது வயதுக்காரருக்கும் ஒரே மருந்தளவு ஆகாது. ஆளுக்கு ஆள் வேறுபாடும் மிகுதி: 2014-இல் லண்டன் ஆய்வாளர்கள் ஐம்பதுக்கும் சற்று மேற்பட்டவர்களிடம் சோதித்தபோது, ஏறக்குறைய பாதிப்பேரின் உடலியக்கப் புறணியில் சொல்லும்படியான மாற்றமே இல்லை. பாவனைச் சிகிச்சையிலும் ஓட்டை உண்டு. முதல் அரை நிமிடம் அரிப்பை உண்டாக்கிவிட்டு மின்னோட்டத்தை நிறுத்துவதுதான் வழக்கமான ஏற்பாடு. இரண்டு மில்லி ஆம்பியரில் கெட்டிக்காரப் பாட்டிகள் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடுகிறார்கள். நமக்கு உண்மையானது கிடைத்தது என்று தெரிந்தாலே சிலருக்கு நடை நிமிர்ந்துவிடும்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஆய்வகத்தின் அழுத்தப் பலகையில் உடல் ஆட்டம் சில மில்லிமீட்டர் குறைந்தது என்பதும், மாசி வீதியில் பின்னால் வந்த பைக் ஹாரன் அடித்தபோது விழாமல் இருப்பதும் ஒன்றல்ல. முன்னதை அளந்த ஆய்வுகள் ஏராளம். ஓராண்டு கூடவே இருந்து, யார் எத்தனை முறை விழுந்தார்கள் என்று எண்ணியவை மிகச் சில. முதுமையின் தள்ளாட்டத்துக்கோ மறதிக்கோ நேர்மின்னோட்டம் இன்னும் வழக்கமான சிகிச்சையாக இடம்பிடிக்காததற்கு இந்த இடைவெளியே போதுமான காரணம். பெங்களூரின் நிம்ஹான்ஸ் போன்ற நிறுவனங்கள் இந்த முறையை மனநல நோய்களில் நெடுங்காலமாக ஆராய்ந்துவருகின்றன என்பதைக் காட்டி, முதியோர் நடைக்கும் நிரூபணமாகிவிட்டது என்று யாராவது சொன்னால், அது ஒரு வீட்டுப் பட்டாவைக் காட்டி அடுத்த வீட்டை விற்பதற்குச் சமம்.

பாதுகாப்பைப் பொறுத்தவரை நேர்மின்னோட்டத்தின் மேல் பெரிய புகார் இல்லை. 2016-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, 33,000-க்கும் மேற்பட்ட அமர்வுகளில் நிரந்தரமான அல்லது கடுமையான பாதிப்பு பதிவாகவில்லை என்றது. அரிப்பு, தோல் சிவத்தல், சிலருக்குத் தலைவலி. அந்தக் கணக்கு ஆய்வக விதிகளின்படி கட்டுப்பாட்டோடு செய்ததற்குப் பொருந்தும். இணையத்தில் வாங்கிய பெட்டியை வீட்டில் நாளுக்கு மூன்று முறை மாட்டிக்கொள்வதற்குப் பொருந்தாது. காந்தத் தூண்டலில் மிக அரிதாக வலிப்பு வரலாம். தலைக்குள் உலோகக் கிளிப்போ, செவிக்குள் பொருத்திய கருவியோ, நெஞ்சில் பேஸ்மேக்கரோ, வலிப்பு நோயோ இருந்தால் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இதைக் கேட்காமல் பணம் வாங்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம்.

பெரியம்மாவை நாங்கள் அந்த மையத்துக்கு அழைத்துப்போகவில்லை. முதியோர் மருத்துவம் பார்க்கும் ஒருவரிடம் போனோம். அவர் தலையைத் தொடவே இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்து, மூன்று மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரச் சொன்னார். பன்னிரண்டு நொடிக்கு மேல் போனால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு, பெரியம்மாவுக்குப் பதினாறு ஆயிற்று. பாதத்தில் நைலான் இழையை வைத்து உணர்வு பார்த்தார். மாத்திரைப் பையைக் கவிழ்த்து, பக்கத்து மருந்துக் கடையில் கேட்டு வாங்கிப் பல மாதமாகப் போட்டுக்கொண்டிருந்த தூக்க மாத்திரையை எடுத்துத் தனியே வைத்தார். படுத்திருக்கும்போதும் எழுந்து நின்றபோதும் ரத்த அழுத்தம் பார்த்தார். வலது கண்ணைப் பார்த்துவிட்டு, “புரை முத்திப்போச்சேம்மா, மதுரையில இருந்துக்கிட்டு இப்படி விட்டுட்டீங்களே” என்றார்.

அந்தக் கேலி நியாயமானது. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் பதினோரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய ஊர் இது. புரை அறுவைக்குச் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து வண்டி வைத்து அழைத்து வரும் ஊர். புரைக்கும் விழுவதற்கும் உள்ள தொடர்புக்குச் சான்று இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமிலிருந்து வந்தது. எழுபது வயதைக் கடந்த 306 பெண்களில் ஒரு பாதியினருக்கு முதல் கண்ணின் புரையை விரைவாக எடுத்தும், மறு பாதியினரை வழக்கமான வரிசையில் காத்திருக்க வைத்தும் பார்த்தபோது, விரைவாக எடுத்தவர்கள் அந்த ஆண்டில் விழுந்தது 34 விழுக்காடு குறைவு என்று 2005-இல் தெரிவித்தார்கள். சமநிலைப் பயிற்சிக்கும் இதே போன்ற பலம் உண்டு. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2019-இல் 108 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, உடற்பயிற்சி விழும் வீதத்தை 23 விழுக்காடு குறைத்திருந்தது. அறிதிறன் பக்கத்திலும், மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சரிசெய்தால் உலகின் மறதி நோயில் ஏறக்குறைய 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்று ‘லான்செட்’ இதழ் அமைத்த ஆணையம் 2024-இல் கணக்கிட்டது; காது கேளாமை, கண் பார்வைக் குறைவு, சர்க்கரை, ரத்த அழுத்தம், தனிமை எல்லாம் அந்தப் பட்டியலில் வருகின்றன. மேலூர், உசிலம்பட்டிப் பக்கம் இருப்பவர்களுக்கு, 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறைப் பயிற்சியும் வீடு தேடி வருகிறது.

மின்னோட்டம் இவற்றுக்கு மாற்றாக நிற்க முடியாது. இவற்றின் மேல் ஒரு கூட்டாகச் சேரலாம். அதன் வேலைமுறையே அப்படி அமைந்திருக்கிறது: பயிற்சி இருந்தால்தான் அதற்குப் பிடிமானம். ஆகவே யாராவது உங்கள் வீட்டு முதியவருக்கு இதைப் பரிந்துரைத்தால், மின்னோட்டம் ஓடும் இருபது நிமிடத்தில் அவர் என்ன பழகப்போகிறார் என்று முதலில் கேளுங்கள். பதில் வராவிட்டால் மற்றக் கேள்விகளுக்கு அவசியம் இல்லை. வந்தால், இது ஆய்வா, சிகிச்சையா என்று கேளுங்கள். ஆய்வென்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் கையெழுத்திட வேண்டிய ஒப்புதல் படிவமும் இருக்கும், உங்களிடம் பணம் கேட்கமாட்டார்கள். பத்து அமர்வுக்குப் பிறகு முன்னேற்றத்தை எதைக் கொண்டு அளப்பீர்கள் என்பதையும் தொடக்கத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ‘நல்லா இருக்குன்னு சொல்றாங்க’ என்பது அளவு ஆகாது.

பெரியம்மாவுக்கு ஐப்பசியில் புரை எடுத்தார்கள். தூக்க மாத்திரையை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்தினார்கள். வாரம் இரண்டு நாள் பயிற்சி கொடுக்க வரும் பெண், கழித்தல் கணக்கு எல்லாம் கேட்டு அவரைச் சலிக்க வைப்பதில்லை. கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு நடந்துகொண்டே பூக்களின் பெயரை வரிசையாகச் சொல்ல வேண்டும், ஒருமுறை சொன்னது திரும்ப வரக்கூடாது. முதல் வாரம் “மல்லி, பிச்சி” என்று சொல்லிவிட்டு மூன்றாவது பூவுக்கு நின்றுவிட்டார். “நிக்காம சொல்லுங்கம்மா” என்று அந்தப் பெண் கையைப் பிடிக்காமல் கூடவே நடந்தார். மார்கழிக் கடைசியில் நான் போயிருந்தபோது, கனகாம்பரம், செவ்வந்தி, சம்பங்கி என்று போய், மரிக்கொழுந்து பூவா இலையா என்ற தகராறில்தான் நின்றார்.